ஏலத்தில் எடுத்த வண்டி

மலைமேட்டில் இருந்த அத்தனை பேரும் அவரை மேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் அவர் பார்த்ததென்னவோ டிரைவர் வேலை. ஓய்வு பெற்று வந்து மாட்டுக்கொட்டகைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வேலிக்கு வெளியே போன எவனோ விறைப்பாக நின்று சல்யூட் வைத்து, "என்ன மேஜர், வேலை நடக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம் அது. சர்க்கார் ஆயுசுக்கும் கொடுக்காத பதவி உயர்வை மேட்டு ஜனங்கள் ஒரே காலையில் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் சிரிக்க மாட்டார். ஆணி கவ்விய உதடு ஓரமாகக் கொஞ்சம் இழுபடும். அதையே சிரிப்பு என்று எடுத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

அவள் பால்வண்டி ஓட்டுகிறவள். கல்யாணமான புதிதில் அவர்தான் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பால் கம்பெனிக்கு மேட்டிலிருந்து டிப்போவுக்குக் கேன்களை இறக்க ஆள் தேவைப்பட்டபோது, "நான் ஓட்றேன்" என்று போய் நின்றாள். கம்பெனிக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "மலைப்பாதைம்மா" என்றார். "அது எனக்குத் தெரியும், நான் அங்கதான் குடியிருக்கேன்" என்றாள். அன்றிலிருந்து விடிந்தும் விடியாததுமாக அவள் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் மேட்டில் அடுப்பு பற்றும்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் அவர் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது: 'சரி'. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடும்போதும் அதேதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "உள்ள எல்லா வார்த்தையும் இருக்கும்மா. கதவுதான் சிக்கிக்கிச்சு. ஒண்ணு வெளிய வந்துட்டா மத்ததும் வரும். வாராவாரம் கூட்டிட்டு வாங்க, விட்டுராதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

அதனால் அவள் பேசினாள். அடுப்பில் நிற்கும்போது, அவருக்குச் சவரம் செய்யும்போது, துணி பிழியும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருக்கிறவருக்குக் கேட்கும்படி உரக்கப் பேசிக்கொண்டே இருந்தாள். எந்த மாடு எவ்வளவு கறந்தது, டிப்போவில் எவன் எவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான், வெங்காயம் என்ன விலை. "என்னங்க, கேக்குதா?" என்பாள் நடுநடுவே. "சரி" என்று வரும். சில நாள் அதுவும் வராது. முன்பும் அவர் பேசாதவர்தான். ஆனால் பேசாமல் இருக்கிறவரோடு வாழ்வது வேறு, பேச முடியாதவரோடு வாழ்வது வேறு என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயாடி என்று பேரெடுத்தவளுக்கு, நாள் முழுக்கப் பேசிவிட்டுப் படுக்கும்போது, ஒருத்தரிடமும் ஒன்றுமே பேசவில்லை என்பதுபோல் இருந்தது.

பட்ட காலிலேயே படும் என்பதுபோல், அடுத்து வந்த மழையில் பாதையும் போயிற்று. பாறைத் திருப்பத்துக்கு மேலே மண் சரிந்து, ஓடை பாதைக்குள் புகுந்து, இருந்த தாரையெல்லாம் உரித்துக்கொண்டு போனது. பால்வண்டி திருப்பத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. பெண்கள் கேனைத் தலையில் வைத்துச் சேற்றில் இறங்கி வந்தார்கள். சாலை ஆபீசில் கேட்டால், மழை நிற்கட்டும் என்றார்கள். மழை நின்றதும், அடுத்த மழைக்குள் போட்டுவிடுவோம் என்றார்கள். மேஜரை ஒருமுறை நாற்காலியில் வைத்து நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஓடையில் ஒருவன் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, அவர் முகம் வெளிறிப்போனது. அதற்குப் பிறகு யாரையும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பயிற்சி நின்றது.

"வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துரும்மா" என்றாள் மகள் போனில். அவள் நகரத்தில் ஏழாவது மாடியில் குடியிருந்தாள். "லிஃப்ட் இருக்கு. எதிர்லயே ஆஸ்பத்திரி."

"அங்க நான் என்ன வேலை பாக்கிறது?"

"ஏன் வேலை பாக்கணும்?"

"யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

டிப்போ மெக்கானிக்தான் விஷயத்தைச் சொன்னவன். "நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒண்ணு இருந்தா அந்தப் பாதை ஒண்ணுமே இல்லக்கா" என்றான். புதிது வாங்க அவளுக்குக் கட்டுப்படியாகாது. "பழைய கார் ஏலம் ஒண்ணு நடக்குது. பணக்காரங்க ஆசைக்கு வாங்குற காருங்க. அதுல கடைசி உருப்படியா ஒரு பட்டாளத்து ஜீப் கெடக்கு. யாரும் சீந்த மாட்டாங்க, போய்த்தான் பாருங்களேன்."

பட்டாளத்து ஜீப் என்றதும் அவள் கையில் இருந்த கேன் மூடி அப்படியே நின்றது.

வீட்டில் ஒரு போட்டோ இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. ஜீப் பம்பர் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, தொப்பியைப் பின்னால் தள்ளி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அத்தனை பல்லும் தெரியும். அந்தச் சிரிப்பை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அந்த வண்டியைத் தவிர வேறெதுவும் அவரை அப்படிச் சிரிக்கவைக்கவில்லை என்று, சக்களத்தியைப் பார்க்கிறதுபோல அந்தப் போட்டோவைப் பார்த்த நாட்கள்கூட உண்டு.

பாதைக்காக, ஆஸ்பத்திரிக்காக என்று எல்லோரிடமும் சொன்னாள். கறவை மாடுகளில் நல்லதாக இரண்டை விற்றாள். அந்த வண்டியைப் பார்த்தால் சிக்கிக்கொண்ட கதவு திறக்கும் என்று அவள் நினைத்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஏலம் ஒரு பெரிய கொட்டகையில் நடந்தது. தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள். கார்கள் விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் மின்னின. கண்ணாடித் தம்ளரோடு நடந்தவர்கள் கார்களைத் தொடாமல் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அவள் பஸ்ஸில் கசங்கிய சேலையை நீவிவிட்டுக்கொண்டு, வாசலில் கொடுத்த எண் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜீப்பைத் தேடிப் போனாள். அது கம்பளம் முடிந்த இடத்துக்கும் அப்பால், தூண் மறைவில் நின்றது. பச்சைச் சாயம் திட்டுத் திட்டாக வெளுத்து, கித்தான் கூரை மூலையில் கிழிந்து, முன் விளக்கு ஒன்று மாறுகண்ணாகப் பார்த்தது. பின்பக்கம் நீளம். எதிரெதிராக இரண்டு பலகை. தரையிலும் பக்கச் சட்டத்திலும் இரும்புக் கொக்கிகள். கேனைக் கட்ட நல்ல தோது என்று நினைத்துக்கொண்டாள்.

குனிந்து அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"நானும்தான். தோட்டத்துல நிறுத்தலாம்னு. ஆனா என்ஜினைப் பாத்தீங்களா? ஒரிஜினல் இல்ல. எவனோ சரக்கு வண்டி என்ஜினைத் தூக்கி வச்சிருக்கான். மான் கழுத்துல மாட்டுத் தலையை ஒட்டவச்ச மாதிரி."

"ஓடுங்களா?"

"ஓடும். அதுதான் கொடுமை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு, சொன்னதற்குப் பதில் சொல்கிற ஒரு மனுஷன்.

"வீட்டுக்காரர் இதைத்தான் ஓட்டினார். பட்டாளத்துல" என்றாள், கேட்காமலே.

"அடடே! அப்ப சந்தோஷப்படுவாரே."

"படுவார்" என்றாள்.

ஜீப்பின் முறை வந்தபோது பாதிக் கூட்டம் சாப்பிடப் போயிருந்தது. ஏலக்காரன் சிரிப்பு மூட்டிப் பார்த்தான். "போர்க்களம் பாத்த வண்டி! மாமியார் வீட்டுக்குப் போக ஏத்தது!" தொப்பிக்காரர் அட்டையைத் தூக்கினார். அவள் தூக்கினாள். பின்வரிசையில் ஒரு இளைஞன் தூக்கினான். இரண்டு சுற்றில் சலித்துப்போய் போனை எடுத்துக்கொண்டான். தொப்பிக்காரர் மறுபடி தூக்கினார். அவளும் தூக்கினாள். மாடுகள் இரண்டும் கண்முன்னால் வந்து நின்றன. இன்னும் ஒரு தடவை அவர் தூக்கினால் அவள் எழுந்து பஸ்ஸுக்குப் போக வேண்டியதுதான். தொப்பிக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். சுத்தியல் விழுந்தது. யாரோ மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பக்கத்தில் நின்று "எடுத்துட்டோம்" என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இல்லையே என்றிருந்தது. ஸ்டீயரிங்கைத் தட்டி, "எடுத்துட்டோம்டா" என்றாள் வண்டியிடமே.

வழியெல்லாம் அதோடு பேசிக்கொண்டே வந்தாள். கியர் முரண்டு பிடித்தது. கிளட்ச் கல் மாதிரி இருந்தது. ஆனால் பாறைத் திருப்பத்தில், மெக்கானிக் சொல்லிக்கொடுத்தபடி சின்ன லீவரைத் தள்ளியதும், நாலு சக்கரமும் சேற்றைக் கவ்விக்கொண்டு ஒரு முனகலோடு ஏறின. ஓடைக் கல்லில் ஒருக்களித்து, உதறி, மேலே வந்து நின்றபோது மேட்டுப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

மேஜர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். எதிர்வீட்டு அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கணவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அவள் ஜீப்பை ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து, பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள். கித்தானைச் சுருட்டித் தூக்கிக் கட்டினாள்.

"என்னங்க! யாரு வந்திருக்கா பாருங்க!"

அவர் பார்த்தார். ஸ்பூன் வாயருகே நின்றது. இடது கை மெல்ல எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தது. வாய் கோணிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வே... ணாம்" என்றார். "வேணாம். வேணாம். வேணாம்."

கஞ்சி சட்டையெல்லாம் கொட்டியது. எதிர்வீட்டு அக்கா, "ஐயோ, பேசிட்டாருடி! மேஜர் பேசிட்டாரு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். ஜீப்பருகே நின்ற அவள் மட்டும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணியிருக்கிறாள். அவர் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை.

ஓடிப்போய் வண்டியை எடுத்து, பாறைத் திருப்பத்துக்குக் கீழே, சத்தம் மேலே எட்டாத இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள்.

மகளுக்கு எதிர்வீட்டு அக்காவே போன் போட்டுவிட்டாள்.

"அம்மா! புது வார்த்தையாமே!" மகள் குரல் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "பயிற்சி டீச்சர் சொன்ன மாதிரியே நடந்துருச்சு பாரு! என்ன வார்த்தைம்மா?"

"வேணாம்னார்."

"வேணாமா!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்கிட்ட அதை என்னைக்கோ சொல்லியிருக்கணும் அப்பா. நல்ல வேலை பண்ணினேம்மா. உனக்குத்தான் இப்படியெல்லாம் தோணும்."

"ம்" என்றாள் அவள். போனை வைத்துவிட்டு, கஞ்சி படிந்த அவர் சட்டையை அலசப் போனாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரோடு பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவருக்குப் போன் போட்டாள். கல்யாணத்துக்கு வந்து பந்தியை மேற்பார்வை பார்த்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை அவரே கூப்பிடுவார். மேஜர் போனை வாங்கி, "ம், நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இவளிடம் கொடுத்துவிடுவார். அவள் கொட்டகைப் பக்கம் போய், காலியாகக் கிடந்த தொட்டி மேல் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள்.

மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"தங்கச்சி, அந்த வண்டியில பின்னாடி கொக்கி இருக்கா?"

"இருக்குண்ணா. தரையிலயும் சட்டத்துலயும்."

"அது ஸ்ட்ரெச்சர் மாட்டுற கொக்கிம்மா. அவன் ஓட்டினது அடிபட்டவங்கள இறக்குற வண்டி. உன்கிட்ட சொல்லலியா?"

"வண்டி ஓட்டினேன்னு மட்டும்தான் சொன்னார்."

"சொல்ல மாட்டான்." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒருநாள் மேல சண்டை. மதிய நேரம்தான், ஆனா மூடுபனி, எதிர்ல கை நீட்டினா கை தெரியாது. பின்னாடி பசங்கள ஏத்திவிட்டுட்டாங்க. கூட வர வேண்டிய ஆளும் அடிபட்டுட்டான். இவன் தனியாத்தான் இறக்குறான். பாதை இடிஞ்சு கெடக்கு. நிறுத்தவும் முடியாது, திரும்பிப் பாக்கவும் முடியாது. அதனால பேசிக்கிட்டே வந்திருக்கான். அப்பல்லாம் வாயாடிப் பயலும்மா அவன். 'இந்தா வந்துட்டோம்டா, ஆஸ்பத்திரி கொடி தெரியுது, ராத்திரி சமையல்காரன்கிட்ட சொல்லி முட்டை வாங்கித் தர்றேன்'னு என்னென்னமோ சொல்லிக்கிட்டு. மொதல்ல ஒருத்தன் தண்ணி கேட்டானாம். அப்புறம் ஒருத்தன் ம் போட்டுக்கிட்டே வந்தானாம். அப்புறம் அதுவும் இல்ல. தூங்கிட்டானுங்கன்னு நெனச்சுக்கிட்டான். அப்பவும் வாயை மூடல. கீழ வந்து நின்னப்ப பின் கதவைத் திறந்தது நான்தான்."

"ஒருத்தனும் இல்லம்மா" என்றார் சமையல்காரர். "நான் கதவைத் திறக்கிறேன், முன்னாடி அவன் இன்னும் பேசிக்கிட்டு இருக்கான்."

"அந்தப் போட்டோ, அண்ணா? ஜீப்போட சிரிச்சுக்கிட்டு நிக்கிறது?"

"அது அதுக்கு முன்னாடி எடுத்ததும்மா."

போனை வைத்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். உலையில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் சுவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அடுப்பைத் தணித்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று சொல்லிச் சிரிக்கிற விஷயமா இது? ஒரு வார்த்தை கேட்க ஆசைப்பட்டு, அத்தனை வருஷம் அவர் மூடி வைத்திருந்ததை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். கட்டிலண்டை போய் நின்றாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகில் கை வைத்தாள். என்ன சொல்வது? தெரிந்துகொண்டேன் என்று சொல்வதா, தெரியாததுபோல் இருப்பதா? கையை மட்டும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தாள். ஏலம் நடத்தினவர்கள் மூலமாகத் தொப்பிக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள். வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

மழையோடு மேஜருக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்று கஷாயம் வைத்தாள். பிறகு காய்ச்சல். ஒரு காலையில் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் பழைய துருத்தி ஊதுகிற மாதிரி சத்தம் கேட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். வண்டி திருப்பம் வரைக்கும்தான் வரும், ஆளை இறக்கி வையுங்கள் என்றார்கள். மேட்டில் ஆண்கள் எல்லோரும் கீழே வேலைக்குப் போயிருந்தார்கள்.

நானே கொண்டுவருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு அவள் மழையில் ஓடினாள். ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில், முன்பக்கமாக நிறுத்தினாள். சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து இருமலோடு வந்தது: "வேணாம்."

"தெரியும்ங்க" என்றாள். "எனக்குத் தெரியும். அண்ணன் சொல்லிட்டார். ஆனா வேற வழி இல்லியே."

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, இழுத்து, எதிர்வீட்டு அக்கா காலைப் பிடித்துக்கொள்ள, முன் சீட்டில் உட்காரவைத்துப் போர்வையால் சீட்டோடு சேர்த்துக் கட்டினாள். அக்கா, "கறந்து வச்சிட்டேன், கேனோட பால் ஏத்துற திட்டுக்கு வர்றேன், நீ கிளம்பு" என்று குறுக்குப் பாதையில் ஓடினாள்.

வண்டி இறங்கத் தொடங்கியது. மழையோடு மூடுபனியும் இறங்கியிருந்தது. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது. அவர் முன்னால் பார்க்கவேயில்லை. கட்டியிருந்த போர்வைக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருட்டாக இருந்தது. கித்தான் காற்றில் படபடத்தது. கொக்கிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

"பின்னாடி யாரும் இல்லங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அவர் இடது கையால் கதவைத் துழாவினார். தாழ்ப்பாளைத் தேடினார். இருமல் புரட்டிப் புரட்டி எடுத்தது. அவள் ஒரு கையால் ஸ்டீயரிங்கும் ஒரு கையால் அவர் மணிக்கட்டுமாகப் பிடித்துக்கொண்டு முதல் வளைவைத் தாண்டினாள்.

பால் திட்டில் பெண்கள் கேன்களோடு நின்றிருந்தார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு அக்கா, அவள் மருமகள், வாத்துக்காரி, முழங்கால் வலிக்காரக் கிழவி, இன்னும் சிலர். அவள் பிரேக்கை மிதித்தாள்.

"ஏறுங்க எல்லாரும்!"

"நீ போடி, நோயாளியை வச்சுக்கிட்டு! நாங்க நடந்து வந்துக்கிறோம்" என்றாள் கிழவி.

"ஏறுங்கன்னா ஏறுங்க. கேனோட ஏறுங்க. ஏறிட்டு வாயை மூடாம பேசிக்கிட்டே வரணும். ஒருத்தியும் சும்மா இருக்கக் கூடாது."

"எதுக்குடி?"

"இந்த வண்டி சத்தம் போட்டாத்தான் ஓடும்."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா வேறு கேள்வி கேட்கவில்லை. கேன்கள் ஏறின. கால்கள் ஏறின. பலகை கிரீச்சிட்டது. "ஏய், என் காலு!" "உன் கால் எங்க எங்க இருக்குன்னு மொதல்ல சொல்லு!" ஈரச் சாக்கு வாடையும் பால் வாடையும் வண்டிக்குள் நிறைந்தன.

பேசு என்றால் பேச்சு வருமா? கொஞ்ச தூரம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கொக்கி மறுபடி கிணுகிணுத்தது. மேஜரின் கை கதவுப் பக்கம் போயிற்று.

"பேசுங்கடி!" என்று கத்தினாள்.

"என்னத்தப் பேச?" என்றாள் மருமகள். "பேசினாத்தான் சிலருக்கு ஆகாதே."

"யாருக்குடி ஆகாது?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"நேத்துக் குழம்புல உப்பு போட்டது யாருன்னு கேட்டேன், அதுக்கே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா?"

"நான்தான் போட்டேன். நீ போட மறந்துட்டேன்னு போட்டேன்."

"நான் போட்டதுக்கு மேல நீங்க போட்டீங்க. உங்க பிள்ளை போட்டதுக்கு மேல போட்டுக்கிட்டாரு. கடல் தண்ணியக் குடிச்சிருக்கலாம்!"

கிழவி கெக்கெக்கென்று சிரித்தாள். வாத்துக்காரி மருமகள் கட்சியில் சேர்ந்துகொண்டாள். யாரோ மாமியார் கட்சி எடுத்தார்கள். ஓடை வந்தது. அவள் சின்ன லீவரைத் தள்ளினாள். வண்டி ஒருக்களித்தது, பின்னால் மொத்தப் பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து, "அம்மாடி!" "ஐயோ பாலு!" "என் பல்லுடி!" என்று ஒரே அலறல். சண்டை ஓடையைத் தாண்டியும் நிற்கவில்லை. உப்பிலிருந்து கிளம்பி, கல்யாணத்தில் போடாத வளையலுக்குப் போய், அங்கிருந்து யாருடைய அப்பன் குடிகாரன் என்பதில் வந்து நின்றது. சற்று ஓய்ந்தால் கிழவி ஒரு வார்த்தையை எடுத்துப் போட்டு ஊதிவிட்டாள்.

மேஜர் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கை கதவைத் துழாவவில்லை. ஒவ்வொரு குரல் எழும்போதும் கண் அந்தக் குரல் இருக்கிற பக்கம் போயிற்று. வாத்துக்காரி முன்னால் குனிந்து, "என்ன மேஜர், நீங்களே சொல்லுங்க, யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டாள். அவர் மூச்சிரைத்தபடி அவள் வாயையே பார்த்தார்.

கண்ணில் தண்ணீர் மறைத்தது அவளுக்கு. துடைக்கக் கை இல்லை. இத்தனை பேர் வண்டிக்குள் இருக்கிறார்கள். இவர்கள் எதற்குப் பேசுகிறார்கள் என்று அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவரிடம் அதைப் பற்றி ஒரு நாளும் பேசப்போவதில்லை. அவராலும் சொல்ல முடியாது. முன்னால் இருந்த கொஞ்சப் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

தார் ரோடு வந்தது. டிப்போ வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"டிப்போவைத் தாண்டிப் போறாளே! பால் திரிஞ்சிடுமே!" என்றாள் ஒருத்தி.

"திரிஞ்சா திரியட்டும்" என்றாள் கிழவி. "பால் திரிஞ்சா நாளைக்குக் கறந்துக்கலாம். நீ விட்ட இடத்துல இருந்து சொல்லு, அந்த வளையலை யாருதான் எடுத்தது?"

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் தயாராக நின்றார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் இறங்கி ஓடிவந்து, போர்வைக் கட்டை அவிழ்த்து, அவர் கக்கத்தில் கை கொடுத்தாள். அவர் அசையவில்லை. இடது கையால் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டார்.

"சீக்கிரம்மா" என்றான் ஆஸ்பத்திரி ஆள். "ஏன் பிடிச்சுக்கிட்டு இருக்கார்? கையை விடச் சொல்லுங்க."

அவளுக்குப் புரிந்தது. "கொஞ்சம் இருங்க" என்றாள். பின்பக்கம் போய்க் கித்தானை முழுக்கத் தூக்கிவிட்டாள். "இறங்குங்க. ஒவ்வொருத்தரா இறங்குங்க. அவர் பாக்கட்டும்."

மழை வெளிச்சம் உள்ளே விழுந்தது. கிழவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாடி, மெதுவா" என்று முனகிக்கொண்டே இறங்கினாள். வாத்துக்காரி இறங்கினாள். எதிர்வீட்டு அக்கா சேலையை உதறிக்கொண்டு இறங்கி, ஏன் எல்லோரும் இப்படி நிற்கிறார்கள் என்று விளங்காமல், மேஜரைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தாள். அவர் கண் ஒவ்வொருத்தியாகத் தரை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்தவளுக்கு வந்தது. கடைசியில் மருமகள் மட்டும் பலகைக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மாமியாரைத் திட்டிக்கொண்டே தேடினாள். கிடைத்ததும் காலில் மாட்டி, கேனைத் தூக்கிக்கொண்டு, சேற்றில் தொப்பென்று குதித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.